மான்டி நே: மலைநீர் கொண்ட ஊர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசப்படத்தில், மிசௌரி மாநிலத்தின் தென்பகுதியையும் ஆர்க்கன்சா மாநிலத்தின் வடபகுதியையும் தழுவிக் கிடக்கும் மலைகளுக்கு ஓசார்க் மலைகள் என்று பெயர். ராக்கி மலைகளைப்போல வானளாவி நிற்பவை அல்ல அவை; காலத்தால் தேய்ந்து தாழ்ந்த பழைய மலைகள். சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளிலிருந்து புறப்படும் தெள்ளிய ஊற்றுகளும், அடர்ந்த ஓக் மரக் காடுகளும் அம்மலைகளுக்கு அழகு செய்கின்றன. அங்கே, ரோஜர்ஸ் என்னும் நகருக்குத் தென்கிழக்கே, ஒரு பள்ளத்தாக்கில், மான்டி நே என்றோர் ஊர் இருந்தது. ஓய்வை நாடி வருவோருக்கென்றே தனியொரு மனிதர் உண்டாக்கிய ஊர் அது. இன்று அதன் பெரும்பகுதி ஏரி நீரின் அடியில் கிடக்கின்றது.

ஊர்கள் அழிவது உலகத்தில் புதிதன்று. பகைவரின் படையெடுப்பால் அழிந்த நகரங்கள் உண்டு. எரிமலையால் புதையுண்டவை உண்டு. ஆறு திசை மாறியதால் பாழ்பட்டவையும் உண்டு. ஆனால், தம் காலத்து நாகரிகம் அழிந்துபோகும் என்று முன்கூட்டியே எண்ணி, அதன் குறிப்புகளையெல்லாம் வருங்காலத்தாருக்காகச் சேமித்து வைக்க முனைந்த ஒருவருடைய ஊரே அழிந்துபோயிற்று என்பதுதான் மான்டி நேயின் வரலாற்றிலுள்ள தனிச் சிறப்பு.

அவர் பெயர் வில்லியம் ஹோப் ஹார்வி. இன்று மேற்கு வர்ஜீனியா எனப்படும் பகுதியில் 1851-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர், 1880-களில், கொலராடோ மாநிலத்து மலைகளில் வெள்ளிச் சுரங்கம் ஒன்றை நடத்தினார். வெள்ளியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இறக்கத்தின் காரணத்தை ஆராயத் தொடங்கியவர், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த ஆராய்ச்சியிலிருந்து மீளவே இல்லை.

அக்காலத்துப் பணச் சிக்கலை இங்கே சற்று விளக்குவது நலம். அமெரிக்காவில் முன்னர்ப் பொன், வெள்ளி ஆகிய இரண்டும் நாணயத்திற்கு அடிப்படையாக இருந்தன. பதினாறு பங்கு வெள்ளி ஒரு பங்கு பொன்னுக்குச் சமம் என்று கணக்கிட்டு வந்தனர். 1873-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் பழைய வெள்ளி டாலரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதன்பின், நாட்டில் மக்கள் தொகையும் விளைச்சலும் பெருகிய அளவுக்குப் பணம் பெருகவில்லை. பணம் அரிதாகவே, பண்டங்களின் விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தால் நன்மைதானே என்று நாம் எண்ணலாம். கடன்பட்ட உழவனுடைய நிலையிலிருந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஒரு மூட்டைக் கோதுமை இரண்டு டாலர் விற்கும்போது ஒருவன் ஆயிரம் டாலர் கடன் வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு மூட்டை விற்றால் அவன் கடன் தீரும். விலை ஒரு டாலராக இறங்கிவிட்டாலோ, ஆயிரம் மூட்டை விற்றாக வேண்டும். கடன் பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை. உழைப்போ இரு மடங்காகிவிட்டது. மேற்கிலும் தெற்கிலும் வாழ்ந்த இலட்சக்கணக்கான உழவர்களின் நிலை இதுவாகவே இருந்தது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அந்நாளில் நம் ரூபாய் வெள்ளி நாணயம். எவரும் வெள்ளியைக் கொண்டுபோய்ப் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தது. உலகத்து வெள்ளியில் பெரும்பகுதியை ஈர்த்துக்கொண்ட கடல் இந்தியா என்று சொல்லலாம். 1893-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், ஆங்கில ஆட்சியினர் அந்த ஏற்பாட்டை நிறுத்தினர். செய்தி பரவியதும் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஒரே வாரத்திற்குள் தலைகுப்புற வீழ்ந்தது. கொலராடோவில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர் வேலையிழந்து ஊர் ஊராகச் சென்றனர். கல்கத்தாவில் சாத்திய கதவின் ஓசை கொலராடோ மலைகளில் எதிரொலித்தது.

அடுத்த ஆண்டு, 1894-இல், ஹார்வி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் 'காயினின் நிதிப் பள்ளி' என்று பொருள்படும். 'காயின்' என்றால் நாணயம். அப்பெயருடைய ஒரு சிறுவன், சிகாகோ நகரில் ஒரு மண்டபத்தில் பெரிய வங்கிக்காரர்களையும் பத்திரிகையாளர்களையும் மாணவர்களைப்போல உட்காரவைத்து, ஆறு நாள் பணத்தைப்பற்றிப் பாடம் நடத்துகிறான். பெரியவர்கள் வினவுகிறார்கள், சிறுவன் விடையிறுத்து அவர்களை வாயடைக்கிறான். கற்பனை உரையாடல்தான் எனினும், உண்மையான வங்கிக்காரர் பெயர்களையே ஆசிரியர் கையாண்டதால், அந்த வகுப்பு மெய்யாகவே நடந்தது என்று நம்பியவர் பலர். எளிய நடையும், கேலிச் சித்திரங்களும், மலிவான விலையும் சேர்ந்து நூலை நாடெங்கும் கொண்டுசென்றன. பல இலட்சம் படிகள் விற்றன. அன்று முதல் அவர் 'காயின்' ஹார்வி என்றே அழைக்கப்படலானார்.

அவர் கருத்துகளெல்லாம் சரியானவை என்று சொல்வதற்கில்லை. மக்கள் துன்பத்திற்கு ஒரே காரணம், ஒரே மருந்து என்று சொல்லும் குறை அவரிடம் இருந்தது. அதே ஆண்டில் அவர் எழுதிய நாவல் ஒன்றில், ஆங்கில வங்கிக்காரர் சதி என்ற கற்பனையோடு யூதர்மீது வெறுப்பும் கலந்திருந்தது. அது மன்னிக்கத் தக்கதன்று. ஆயினும், எழுத்தறிவு குறைந்த உழவனும் நாணயக் கொள்கையைப்பற்றி வாதிடலாம் என்னும் துணிவை அவனுக்கு ஊட்டியவர் அவரே என்பதை மறுப்பதற்கில்லை.

1896-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெள்ளிக் கட்சியின் வேட்பாளராக வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் நின்றார். ஹார்வி அவருக்காக உழைத்தார். பிரையன் தோற்றார்; பொன்னை ஆதரித்த மெக்கின்லி ஜனாதிபதியானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தோல்வி. அந்த 1900-ஆம் ஆண்டில்தான் ஹார்வி, அரசியலில் மனம் சலித்து, ஓசார்க் மலைகளில் 320 ஏக்கர் நிலம் வாங்கினார். அவ்விடத்திற்கு அப்போதிருந்த பெயர் 'வெள்ளி ஊற்று' என்று பொருள்படும். வெள்ளிக்காக வாழ்ந்தவருக்கு வாய்த்த இடத்தின் பெயர்ப் பொருத்தம் வியப்புக்குரியதுதான். அவரோ அப்பெயரை மாற்றினார். ஸ்பானிய மொழியில் 'மான்டி' என்றால் மலை. ஒமாஹா என்னும் செவ்விந்தியரின் மொழியில் 'நே' என்றால் நீர் என்பர். மலைநீர் என்னும் பொருளில் மான்டி நே என்று ஊருக்குப் பெயர் சூட்டினார்.

1901-ஆம் ஆண்டில் முதல் விடுதி திறக்கப்பட்டது. ஊற்றுநீரைத் தேக்கிச் செயற்கை ஏரியும் நீண்ட வாய்க்காலும் அமைத்தார். ஐந்து மைல் தொலைவிலிருந்த லோவெல் என்னும் ஊரில் பெரிய இருப்புப்பாதை சென்றது. அங்கிருந்து மான்டி நேக்குத் தாமே கிளைப்பாதை போட்டார். 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதன் திறப்பு விழாவில் பிரையனே வந்து பேசினார். புகைவண்டியிலிருந்து இறங்கும் விருந்தினரை விடுதிக்குக் கொண்டுசெல்ல, இத்தாலியின் வெனிஸ் நகரிலிருந்து கொண்டோலா எனப்படும் படகு ஒன்றை வரவழைத்திருந்தார். ஆர்க்கன்சாவின் மலைக்காட்டில் வெனிஸ் நகரத்துப் படகு மிதந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

பின்னர், 1905-இல் மிசௌரி வரிசை என்றும், 1909-இல் ஓக்லஹோமா வரிசை என்றும் இரு பெரிய மரவிடுதிகள் எழுந்தன. மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய கட்டடங்களுள் உலகத்திலேயே பெரியவை என்று அவற்றைப் பறைசாற்றினார்கள். ஓக்லஹோமா வரிசையின் ஒரு கோடியில் மூன்று மாடிகொண்ட காங்கிரீட் கோபுரம் ஒன்று இருந்தது. நீச்சற்குளம், வங்கி, செய்தித்தாள், அஞ்சல் நிலையம் ஆகியவையும் ஊரில் தோன்றின.

இவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய ஊர் ஏன் தளர்ந்தது? காரணங்கள் சாதாரணமானவையே. கோடைக்காலத்தில் மட்டுமே வருமானம். செலவோ ஆண்டு முழுவதும். ஒரு விடுதி நிறைவதற்கு முன் அடுத்த விடுதிக்கு அடித்தளம் போடும் பழக்கம் ஹார்விக்கு இருந்தது. ஐந்து மைல் இருப்புப்பாதை தன் செலவுக்கே வருவாய் ஈட்டாமல் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 1914-இல் வங்கியும் மூடப்பட்டது. பணத்தின் இயல்பை நாட்டுக்கே கற்பித்தவரால் தம் ஊரின் வரவு செலவைச் சரிக்கட்ட இயலவில்லை.

புகைவண்டி கைவிட்டதை மோட்டார் வண்டி மீட்கும் என்று அவர் நம்பினார். 1913-ஆம் ஆண்டில், நல்ல சாலைகளை அமைப்பிக்கும் நோக்கத்துடன் ஓசார்க் சாலைச் சங்கத்தை மான்டி நேயிலேயே நிறுவினார். அக்காலத்துக் கிராமச் சாலைகள் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. வழிகாட்டிப் பலகை என்பதே அரிது. சங்கத்தார் ஊர்தோறும் மக்களைத் திரட்டிச் சாலைகளைச் செப்பனிடச் செய்தனர். கம்பங்களில் வெள்ளை நிறம் பூசிப் பச்சை எழுத்துகளால் வழிக்குறி இட்டனர். முக்கியமான சந்திப்புகளில் ஊர்களும் தொலைவுகளும் எழுதிய கூர்நுனித் தூண்களை நாட்டினர். ஆர்க்கன்சா, மிசௌரி, ஓக்லஹோமா, டெக்சஸ், நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களில் இச்சாலைகள் பரவின. பின்னாளில் புகழ்பெற்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலையின் சில பகுதிகள் இவற்றின் வழியிலேயே அமைந்தன.

சாலைகள் வந்தன; ஆனால் மான்டி நேக்கு மக்கள் வரவில்லை. புகைவண்டியில் வருபவன் ஓரிடத்தில் இறங்கி ஒரு மாதம் தங்குவான். மோட்டாரில் வருபவனோ இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று போய்க்கொண்டே இருப்பான். தவிரவும், பெரிய சாலைகள் அப்பள்ளத்தாக்கை விட்டு விலகியே சென்றன. தம் ஊருக்கு வழி தேடப் புகுந்தவர் பிற ஊர்களுக்கெல்லாம் வழி அமைத்துக் கொடுத்தார்.

1920-ஆம் ஆண்டளவில் ஹார்விக்கு வயது எழுபதை நெருங்கிற்று. உலகப் போர் ஒன்று நடந்து முடிந்திருந்தது. வட்டியும் பேராசையும் இன்றைய நாகரிகத்தை விரைவில் அழித்துவிடும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதியாகப் பதிந்தது. அதனால், மான்டி நேயில் 130 அடி உயரமுள்ள ஒரு கூர்நுனிக் கோபுரம் எழுப்பத் திட்டமிட்டார். அதனைப் பிரமிடு என்றே அழைத்தார். அதன் உள்ளறைகளில் நூல்களையும், அக்காலத்துக் கருவிகளையும், பொருள்களையும் காற்றுப் புகாதபடி அடைத்து வைக்க எண்ணினார். நம் நாகரிகம் எவ்வாறு வாழ்ந்தது, ஏன் மாண்டது என்பதை விளக்கும் அவருடைய நூலும் அங்கே இருக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் சுற்றியுள்ள மலைகள் தேய்ந்து, மண் பள்ளத்தாக்கில் நிரம்பும்; அப்போதும் கோபுரத்தின் நுனி மட்டும் தரைக்குமேல் தெரியும்; அதில் பதித்த தகட்டைக் கண்டு, பின்னாளில் தோன்றும் மக்கள் கீழே தோண்டிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு.

மலைச்சரிவு கோபுரத்தின்மேல் சரியாதபடி காக்க முதலில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டியிருந்தது. அதுவே படிப்படியாக உயர்ந்து ஒரு திறந்தவெளி அரங்கமாக உருக்கொண்டது. 1923 முதல் 1928 வரை அந்த வேலை நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரக்கூடிய அவ்வரங்கில், படிகள் மட்டுமன்றி நாற்காலிகளும் சாய்மணைகளுங்கூடக் காங்கிரீட்டினால் அமைந்தவை. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. பிரமிடுக்கு வேண்டிய பணம் சேரவில்லை; அது எழும்பவே இல்லை.

இருப்பினும் கிழவர் ஓயவில்லை. 1931-இல், தாம் எதிர்பார்த்த வீழ்ச்சி வந்துவிட்டது என்று கருதி, அதே அரங்கில் சுதந்திரக் கட்சியின் மாநாட்டைக் கூட்டினார். மாநாடு அவரையே ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. 1932-ஆம் ஆண்டுத் தேர்தலில், எண்பத்தொரு வயதில், ஏறத்தாழ 53,000 வாக்குகள் பெற்றார். வென்ற ரூஸ்வெல்ட் 1933-ஆம் ஆண்டிலேயே உள்நாட்டு நாணயத்திற்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். மற்ற நாட்டு அரசுகளுக்கு டாலருக்கு ஈடாகப் பொன் கொடுக்கும் வழக்கமும் 1971-இல் நின்றது. பொன்னை அசைக்க முடியாத தெய்வமாகக் கொண்டாடியவர்களின் காலமும் இவ்வாறு முடிந்தது. ஆனால், அந்த இடத்தில் ஹார்வியின் வெள்ளியும் அமரவில்லை.

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹார்வி காலமானார். தமக்கு முன்பே இறந்துபோன மகனுடைய உடல் வைக்கப்பட்டிருந்த காங்கிரீட் சமாதியில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். விடுதிகள் கைமாறிப் பழுதுற்றன. பல ஆண்டுகள் அரங்கத்தைச் சிறுமியரின் கோடை முகாம் ஒன்று பயன்படுத்தி வந்தது. நாகரிகத்தின் மரணத்தை அறிவிப்பதற்காகக் கட்டிய இடத்தில் குழந்தைகள் ஆடிப் பாடினார்கள் என்பது அவ்வூருக்குக் கிடைத்த கடைசிப் பேறு.

ஒயிட் ஆற்றில் அடிக்கடி வெள்ளம் வந்து ஊர்களை வருத்தியது. அதனைத் தடுக்கவும், மின்சாரம் பெறவும் பீவர் அணை கட்டத் தீர்மானித்தனர். 1960-இல் தொடங்கிய வேலை 1966-இல் முடிந்தது. நீர் ஏறுவதற்கு முன் ஹார்வியின் சமாதியை மேட்டு நிலத்திற்குப் பெயர்த்துச் சென்றனர். ஓக்லஹோமா வரிசையின் மரப்பகுதியும் அகற்றப்பட்டது. அரங்கமும் வாய்க்காலும் ஏரிக்குள் மறைந்தன. கடும் வறட்சியில் நீர்மட்டம் மிகவும் இறங்கும்போது மட்டும் அரங்கின் படிகள் தலை காட்டுவதுண்டு. கரையில் காங்கிரீட் கோபுரம் எஞ்சி நின்றது. 1978-இல் அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆயினும், கண்டவர்களெல்லாம் அதில் ஏறியும் கிறுக்கியும் சிதைத்தார்கள். ஆபத்து மிகுந்தது என்று கருதி, 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதையும் இடித்து அகற்றினார்கள்.

இவ்வழிவைக் குறித்து நாம் கண்ணீர் சொரிய வேண்டுமா? அந்த ஏரி இன்று வடமேற்கு ஆர்க்கன்சாவின் நகரங்களுக்குக் குடிநீர் தருகின்றது. பல இலட்சம் மக்களின் தாகத்தைத் தணிக்கும் நீரைக் குறைகூறுவது முறையன்று. ஆனால், அந்நீரின் அடியில் கிடப்பது ஒரு மனிதரின் முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு என்பதையும் மறத்தல் முறையன்று. ஆக்கத்தின் கணக்கை எழுதும்போது இழப்பின் கணக்கையும் பக்கத்தில் எழுதுவதுதான் வரலாற்றின் கடமை.

ஹார்வியின் கணக்கு எங்கே பிழைத்தது என்பதும் எண்ணத் தக்கது. பள்ளத்தாக்கு நிரம்பும் என்று அவர் கூறியது உண்மையாயிற்று. ஆனால், பல்லாயிரம் ஆண்டுகளில் மண்ணால் நிரம்பும் என்றார். அவர் மறைந்த முப்பதே ஆண்டுகளில் நீரால் நிரம்பிற்று. நாகரிகம் மாண்டபின் அது நிகழும் என்றார்; நாகரிகம் தன் தேவைக்காக உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தது.

அவர் விட்டுச் சென்றவற்றுள் எவை நிலைத்தன என்று பார்ப்போம். அவருடைய சாலைச் சங்கம் நாட்டிய வழித்தூண்களுள் சில, டெக்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் இன்றும் நிற்கின்றன. அடுத்ததாக, அந்தச் சிறு புத்தகம். பீவர் அணையின் வேலை நடந்துகொண்டிருந்த 1963-ஆம் ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது; ரிச்சர்டு ஹாஃப்ஸ்டாட்டர் என்னும் பெரும் வரலாற்றாசிரியர் அதற்கு முன்னுரை எழுதினார். அவர் ஹார்வியைப் புகழ்ந்து எழுதவில்லை. குறைகளை எடுத்துக் காட்டியே எழுதினார். ஆயினும், ஒரு தலைமுறை மக்களின் மனத்தை அறிய அந்நூல் வேண்டும் என்று கருதினார்.

ஆயிரம் ஆண்டுகளுக்காகக் கட்டிய காங்கிரீட் அரங்கம் நாற்பது ஆண்டுகளில் நீருக்குள் போயிற்று. ஏழை உழவனும் வாங்கத்தக்க விலையில், மெல்லிய தாளில் அச்சிட்ட நூலோ இன்றும் நூலகங்களில் இருக்கின்றது. பத்திரமாகப் பூட்டி வைக்க எண்ணியது போயிற்று; பலர் கையில் கொடுத்தது நின்றது. வருங்காலத்திற்குச் செய்தி அனுப்ப விரும்புகிறவர்கள் அதனை நிகழ்காலத்தாரிடம் கொடுத்தால் போதும். அவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.